இரண்டு சர்க்கார்கள் பேசிக்கொண்டிருந்தபோது

பினாயில் வாசனை எனக்கு ஆகாது. போன வாரம் மருமகள் புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்து, சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டின் பின்கட்டு முழுக்க ஊற்றிக் கழுவிவிட்டாள். நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். "ஊடே மணக்குதுங்கறாங்க எல்லாரும், உங்களுக்கு மட்டும் என்னங்கத்தை?" என்று சிரிக்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அது பினாயில் இல்லையம்மா, மண்டபம் என்றால் அவளுக்கு விளங்கவா போகிறது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள்தான் பொறுமையாகக் கேட்கிற ஆள்.

ராமேசுவரத்து ரயில் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மண்டபம் வரும். அந்தக் காலத்தில் கண்டிச்சீமைக்குக் கூலி வேலைக்குப் போகிற எல்லோரையும் அங்கே இறக்கி, கேம்பில் சில நாள் வைத்திருந்துதான் கப்பலுக்கு விடுவார்கள். இலங்கை என்றெல்லாம் நாங்கள் சொன்னதில்லை. எங்களுக்கு அது கண்டிதான். கட்டியிருந்த துணியை வாங்கி ஆவியில் போடுவார்கள். வயிற்றுப் பூச்சிக்கு ஒரு எண்ணெய் கொடுப்பார்கள், குடலே வெளியில் வந்துவிடும். குளிக்கிற தண்ணீரில், படுக்கிற தரையில், எல்லாவற்றிலும் இந்த வாசனை. கல்யாணமாகிப் புதுப்புடவை மடிப்புக்கூட கலையாமல் போனவள் நான். என் கல்யாணப் புடவைக்கு அந்த வாசனை கடைசி வரைக்கும் போகவே இல்லை.

அங்கே ஒரு கூத்து நடந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. குமாஸ்தா என்னைப் பார்த்து, "புருசன் பேரு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டியவன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் ஏது? அவர் இரண்டாம் தடவை அதட்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள், "பழனி மலை மேல நிக்கறாருங்களே, அவரு பேருங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். "முருகனா?" இல்லையென்று தலையாட்டினேன். "தண்டபாணியா?" இல்லை. "வேலாயுதமா?" வரிசை முழுக்க ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கடைசியில் எப்படியோ கண்டுபிடித்து எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் 'அவர்' என்றுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கிருந்த கவலை வேறு. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்துச் சோளக்காட்டில் பிறந்து வளர்ந்தவள், தேயிலையை எங்கே கண்டேன்? தேயிலை மரம் என்றால் நம் ஊர்ப் புளியமரம் மாதிரி இருக்கும், ஏறித்தான் பறிக்கவேண்டும் என்று நினைத்து, நமக்கு மரமேறத் தெரியாதே என்று கப்பலில் அழுதுகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் இடுப்பளவுச் செடி. அவர் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பம். அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான், பெண் கட்டத்தான் ஊர்ப்பக்கம் வந்திருந்தார். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அறைக்குள் அடுப்பு, அடுப்பைச் சுற்றி நாங்கள், கூரைக்கு மேலே எந்நேரமும் மழை. குளிரில் கை மரத்துப்போகும். ஆனால் மாதம் பிறந்தால் அரிசி உண்டு. இங்கே எங்கள் ஐயன், அதாவது என் அப்பா, மானாவாரிக் காட்டில் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நாணயத்தில் அங்கேயும் அதே வெள்ளைக்கார ராஜாவின் தலைதான். அதனால் வேறு தேசத்துக்கு வந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே வீட்டில் இன்னொரு அறைக்குள் போனதுபோல் இருந்தது.

அங்கே பிறந்தவள் மருதாயி, என் மூத்தவள். அவளுக்குப் பேச்சு வந்த சமயத்தில் இரண்டாவது பிள்ளை வயிற்றில் நின்றது. ஊரிலிருந்து ஐயன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். பார்த்துவிட்டு, பிரசவத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். மருதாயிக்குக் கக்குவான் இருமல். "இருமற புள்ளையை எதுக்குக் கப்பல்ல இழுத்துட்டுப் போற? மூணு மாசந்தானே, நான் பாத்துக்கறேன் போ" என்றார் என் மாமியார். நல்ல மனுஷி. நான் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

இங்கே வந்தேன், ஐயனைப் பார்த்தேன், ஐயன் போனார், ராசு பிறந்தான். தீட்டுக் கழிந்து, திரும்பிப் போக மூட்டை கட்டுகிற நேரத்தில்தான் அண்ணன் ஆட்டையாம்பட்டியிலிருந்து செய்தி கொண்டுவந்தார். கண்டிக்கு யாரும் போகக்கூடாதாம். அங்கே சர்க்கார் வேலையில் இருந்த நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு நீக்கிவிட்டார்களாம். அதற்குப் பதிலடியாக நம் சர்க்கார், இனிமேல் கூலி வேலைக்கு ஒருத்தரும் அங்கே போகவேண்டாம் என்று வழியை அடைத்துவிட்டதாம். எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அடைத்தார்கள் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

நமக்கென்ன, நாம் புருஷன் வீட்டுக்குத்தானே போகிறோம் என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கைக்குழந்தை இடுப்பில். அதே வாசனை.

"கூலியாளுகளை விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"நான் கூலிக்குப் போகலீங்க. என் ஊட்டுக்குப் போறேன்."

"கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஆள்காட்டி விரல் ஓரம் வெடித்துக் காய்த்துப்போயிருந்தது. ஊரில் சும்மா இருந்த மாதங்களில்கூட அது ஆறவில்லை. அவர் பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன், குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீ தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளு அம்மா. கூலியாளுதான். ரெண்டு சர்க்காருக்கும் பேச்சு நடக்கப்போகுது, முடிஞ்சதும் வா" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தச் சொல். பேச்சு நடக்கிறது.

ஆட்டையாம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து அவருக்குப் பத்திரிகை வரும். நான் தறிக்காரர்கள் வீட்டில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்க ஆரம்பித்திருந்தேன். அண்ணன் வீட்டில் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியும்? அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவள் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியைச் சட்டியில் வைக்கிற சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். அதனால் நூல் கொண்டுபோகும்போதெல்லாம் ராவுத்தர் கடைப் படியில் நின்று, "பேச்சு முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பேன்.

"டெல்லியில பேசிட்டிருக்காங்க அம்மிணி."

"என்னன்னு பேசறாங்க?"

"அங்க இருக்கற நம்மாளுகள்ல ஆரு அந்த ஊருக்காரங்க, ஆரு வந்து போறவங்கன்னு."

"எங்க ஊட்டுக்காரரு பொறந்ததே அங்கதானுங்களே?"

"அதைத்தான் பேசறாங்க."

கொஞ்ச நாள் கழித்துப் போனால், பேச்சு முறிந்துவிட்டது என்றார். பிறகு கொழும்பில் பேசினார்கள். 'பேச்சு சுமுகமாக நடந்தது' என்று படித்தார். சுமுகம் என்றால் என்னங்க என்று கேட்டேன். சண்டை போடாமல் பேசுவது என்றார். "சண்டையே போட்டுக்கலாமே, சீக்கிரமா முடியுமே" என்றேன். ராவுத்தர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

என் புத்தியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. டெல்லியில் பெரிய மேஜையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது ஒருத்தர் எழுந்து, "அதெல்லாம் சரிதானுங்க, அந்த ஆட்டையாம்பட்டிக்காரிக்கு என்ன வழி?" என்று கேட்பார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வெற்றிலை போடுகிற ஒரு பெரியவராக அவரை மனதில் வைத்திருந்தேன்.

சண்டை வந்தது, நான் கேட்ட சண்டை இல்லை, உலகச் சண்டை. பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் பஸ் ஓடிய காலம். அரிசிக்கு வரிசை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான் என்று கேட்டு, நான் மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து கிடந்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் ராவுத்தரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். அடைப்பைத் தளர்த்திவிட்டார்களாம், அங்கே இருப்பவர்கள் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாமாம்.

"முன்னாலயே வந்து இங்க மாட்டினவங்க?"

அவர் பத்திரிகையைத் திரும்பவும் மேலிருந்து கீழ்வரை படித்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலியே அம்மிணி" என்றார்.

சரி, கண்டியிலிருந்து அவராவது வருவார் என்று இருந்தேன். வரவில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு கங்காணி, அதாவது கூலியாட்களை மேய்க்கிறவர், சேதி சொன்னார். "இப்ப ஆரும் அசையக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க. ஊருக்கு வந்து போனா, இவன் நிலையா இருக்கறவன் இல்லேன்னு பின்னால தள்ளிடுவாங்களாம்." நான் போகக்கூடாது, ஏனென்றால் நான் கூலியாள். அவர் வரக்கூடாது, ஏனென்றால் வந்தால் வேற்றாள். நடுவில் ராசுவுக்குப் பல் முளைத்து, விழுந்து, மறுபடியும் முளைத்தது.

இரண்டு தேசத்துக்கும் சுதந்திரம் வந்து, கொஞ்ச நாள் போய் வந்தால் குற்றமில்லை என்று ஆன பிறகுதான் அவர் வந்தார். மருதாயியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வண்டியிலிருந்து இறங்கிய பெண்ணை நான் மட்டும் இல்லை, யாருமே இன்னாரென்று சொல்லியிருக்க முடியாது. உயரமாக, கறுப்பாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. அச்சாக என் மாமியார் ஜாடை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொள்ளவில்லை, அப்படியே மரியாதைக்கு விட்டுவைத்தது. அவ்வளவுதான். அது மாமியாரைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தது. என்னைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் "இவங்க" என்றது. "இவங்க தண்ணி கேக்குறாங்க." களி இறங்கவில்லை, ரொட்டி கேட்டது. வீட்டை "நம்மூடு" என்று நாங்கள் சொன்னால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராசுவோடு மட்டும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. கிணற்றுமேட்டில் அவர்கள் இரண்டு பேரும் கல்லெறிந்து விளையாடுவதை நான் ஒளிந்து நின்று பார்ப்பேன். கிட்டே போனால் விளையாட்டு நின்றுவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், அவர் வேலியோரம் வேப்ப நிழலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"அங்க சட்டம் வரப்போகுது. ஓட்டெல்லாம் போயிருமாம். நிலையா இருந்தவன்னு காட்டினாத்தான் பிரஜையாம். நம்ம சர்க்காரும் அவங்க சர்க்காரும் இப்பவும் பேசிட்டுத்தான் இருக்காங்க."

"பேசட்டும். நான் உங்ககூடவே வாரேன்."

"விடமாட்டாங்க. விட்டாலும் பிரயோசனமில்லை. பொண்டாட்டி புள்ளைக அங்கேயே இருந்திருக்கோணுமாம். பொண்டாட்டி இத்தனை வருசம் இந்தியாவுல இருந்தா, இவனுக்கு அங்கதான் மனசு, இவன் நம்ம ஆளில்லைன்னு தள்ளிடுவாங்களாம். எனக்கு இல்லேன்னா மருதாயிக்கும் இல்லை."

"அப்ப நீங்க இங்கேயே இருந்துருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். காய்ந்த காடு. அண்ணனுக்கே கால்வயிறு. பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. அவருக்கு இது ஊரில்லை. பெண் எடுத்த ஊர், விருந்துக்கு வந்த இடம். அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அந்தத் தேயிலைச் செடிக்கடியில்தான் கிடக்கிறார்கள்.

ஆடு ஒன்று வேலியைக் கடித்துக்கொண்டிருந்தது, அதை விரட்டினேன். விரட்டிவிட்டு வந்துதான் சொன்னேன். "நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லீடுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன பேச்சு பேசுகிறாய் என்று கோபித்துக்கொள்ளவும் இல்லை. அடியில் கிடந்த வேப்பங்கொட்டையை எடுத்து உருட்டிக்கொண்டே, "ராசு?" என்றார்.

"அவன் பொறக்கவே இல்லேன்னு வச்சுக்கங்க. பிரசவத்துல ரெண்டும் போயிருச்சுன்னு சொல்லுங்க."

"மருதாயிகிட்ட நான் ரயில்ல சொல்லிக்கறேன்" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வரும்போதே இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று. கேட்க வாய் வராமல் இத்தனை நாள் களியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் என்னமோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் முடிவு பண்ணி வந்த விஷயத்துக்கு நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது மருதாயியின் தலையைத் தடவி, "போயிட்டு வாரேன்னு சொல்லு சாமி" என்றேன். "போயிட்டு வரேங்க" என்றது. 'ங்க' போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது மாதிரி.

அதற்குப்பின் ஊரில் ஒரு விசித்திரமான வாழ்க்கை. கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் நான் பிணம். நங்கையாவுக்கு விஷயம் தெரிந்ததும், "உசிரோட இருக்கறவளைச் செத்தவள்னு சொன்னா ஊட்டுக்கு ஆகாது" என்று சூடம் கொளுத்திக் கழித்துப் போட்டாள். நான் நூல் சுற்றினேன். ராசுவைப் பள்ளிக்கூடத்தில் போட்டேன். ராவுத்தரிடம் பேச்சைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சில வருஷம் கழித்துச் சந்தையில் என் தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினால் பாவாயி. எங்கள் லயத்தில் அடுத்த அறைக்காரி. கண்டி வேண்டாம் என்று குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டாளாம். கத்தரிக்காய்க் கூடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நின்ற வாக்கிலேயே சொன்னாள்.

"உங்க ஊட்டுக்காரரைப் பிரஜை மனு விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. எங்களையும் அன்னிக்கே கூப்பிட்டிருந்தாங்க, நானும் அங்கதான் இருந்தேன். அதிகாரி கேக்கறதை ஒருத்தர் தமிழ்ல சொன்னாரு. பொண்டாட்டி எங்கன்னாங்க. பிரசவத்துல போயிட்டான்னாரு. எல்லாம் சரியாத்தான் போச்சு. அந்த அதிகாரி சும்மா இருக்காம புள்ளைகிட்டத் திரும்பி, உங்கம்மா செத்து எத்தனை வருசமாச்சு பாப்பான்னு கேட்டான்."

"கேட்டு?"

"அது அப்பனைப் பாத்துச்சு. அவரு தலையாட்டறாரு, சொல்லு சொல்லுன்னு. உங்க மக வாயைத் தொறந்து, 'எங்கம்மா சாகலீங்க. ஆட்டையாம்பட்டியில இருக்காங்க. எனக்குத் தம்பி இருக்கான்'னு சொல்லிப்போட்டா."

ஊர்ப்பெயரை ஒழுங்காகச் சொன்னதாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வாயில் நுழையாது.

"ஒத்த வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டா. வெளியில வந்து உங்க ஊட்டுக்காரரு அடிச்ச அடி இருக்கே, நாங்கதான் பிரிச்சு உட்டோம். அதுவரைக்கும் அவரு அவ மேல கை நீட்டினதில்லை."

மனு தள்ளுபடி. அவரும் மருதாயியும் அந்தத் தேசத்தவர்கள் இல்லை. இந்தத் தேசமும் அவர்களைத் தன் ஆட்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில், கிணற்றுமேட்டில் கல்லெறிந்துகொண்டிருந்தவன் கேட்காமலே பிரஜையாகிவிட்டான். அவள் ஒன்றுமில்லாதவளாகிவிட்டாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பாவாயி சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. கூடையை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். பிள்ளையின் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது, தாய்க்காரிக்குச் சந்தோஷம். வீடு வந்து சேர்வதற்குள் அது போய், வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்து போகவில்லை.

அவர் அந்தத் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தார். சேதி வரும்போது காரியம் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நான் தனியாகப் பொட்டை அழித்துக்கொண்டேன். மருதாயியை அங்கேயே ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு சர்க்காரும் மறுபடி உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மருதாயி இந்தியாவின் பங்கில் வந்தாள். கப்பலுக்கு முறை வர வருஷக்கணக்கில் காத்திருந்தாள். முறை வந்தபோது ராசு ராமேசுவரத்துக்குக் கூட்டிவரப் போனான். மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். அவள் அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாளாம். மாப்பிள்ளைக்குத் தேயிலையைத் தவிர வேறு வேலை தெரியாது. கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் கப்பல் ஏறிய தனுஷ்கோடித் துறையை ஒரு புயலில் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. நாங்கள் போன ரயில் பாதை தண்ணீருக்கடியில் கிடக்கிறதாம். ராவுத்தர் இல்லை, அவர் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை. நங்கையா இல்லை, பாவாயி இல்லை. அன்றைக்கு அந்த விசாரணை அறையில் இருந்த அதிகாரியும், தமிழில் மாற்றிச் சொன்னவரும் இத்தனை காலமா இருக்கப்போகிறார்கள்? அவள் ஒரே ஒரு தடவை என்னை அம்மா என்று சொன்னது அந்த அறையில்தான். கேட்டவர்களில் ஒருத்தர்கூட மிச்சமில்லை. அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கலாம் என்றால், அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது.